பின்விளக்கும் பிரமாதமும்



‘கச்சேரி பிரமாதம், விருந்து பிரமாதம்’ என்று அன்றாடம் பாராட்டிப் பேசுகிறோம். நம் ஆகமங்களிலோ அச்சொல்லின் பொருளே வேறு. மறதி, சோர்வு, அசட்டை, செய்ய வேண்டியதைத் தெரிந்தும் தள்ளிப்போடுதல் ஆகிய அனைத்தும் பிரமாதமே. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்து, உயிர்க்கொலையை மட்டும் கூறாமல் அதற்கு முன்னே பிரமாதத்தை வைத்தார். பொன்னூர் மலையில் தவம் புரிந்தவராக நாம் வணங்கும் குந்தகுந்தர், பிரவசனசாரத்தில் இதனை மேலும் விளக்குகிறார். எதிரில் உள்ள உயிர் பிழைப்பினும் மடியினும், கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதி என்பது அவர்தம் கருத்து.

இதனை ஒரு வாகனத்தின் பல்பைக் கொண்டு எண்ணிப் பார்ப்போம். ஆகமத்துக்கும் பல்புக்கும் என்ன உறவு என்று நகைக்க வேண்டா.

திருச்சாரணத்து மலை என்று கல்வெட்டுகள் குறிக்கும் சிதறால் மலைக்கு நம் குடும்பங்கள் யாத்திரை செல்வதுண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டில், குணந்தாங்கிக் குரத்தியார் என்னும் சமணப் பெண் ஆசிரியர் அங்குள்ள பகவதிக்குப் பொன்னணி அளித்த செய்தி காணப்படுகிறது. பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்த நமக்கு அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் தனி மகிழ்ச்சி. தரிசனம் முடித்து, குளச்சல் வழியாகக் கடற்கரைச் சாலையில் திரும்பினால் மணவாளக்குறிச்சி வரும்.

வெளிச்சத்துக்கு விதை தந்த ஊர் அது. 1909இல் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் அவ்வூர்க் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம் அக்காலத்து காஸ் விளக்கின் மேண்டிலுக்கு இன்றியமையாத பொருள். ஜினாலயத் திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளியில் சுவாமி புறப்பாடு கண்ட மூத்தோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவ்விளக்கில் தொட்டால் உதிரும் வெண்ணிற வலை நினைவிருக்கும். மின்பல்பு வந்த பின்னரும், அதிர்ச்சியில் டங்ஸ்டன் இழை அறாதிருக்க அதனுடன் தோரியம் ஆக்சைடு சிறிது கலக்கும் முறை இருந்தது. 1950இல் தோன்றிய இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தின் ஆலை இன்றும் அங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது.

அவ்வூரில்தான், மாலை மயங்கும் நேரத்தில், நாம் சென்ற வேன் தேநீருக்காக நின்றது. சைக்கிளில் வந்த ஒருவர் ஓட்டுநரிடம், “அண்ணே, பொறத்தால ஒரு லைட்டு எரியல்லியே” என்று சொல்லிவிட்டுத் தம் வழியே போனார். நாகர்கோவில் சென்று பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஓட்டுநர். அவர் நல்லவர், வாகனத்தை நிதானமாகச் செலுத்துபவர். எனினும் அந்தச் சொல்லில்தான் பிரமாதம் இருக்கிறது. அதுவரை அவர் அறியாதிருந்தார். அறிந்த பின் தள்ளிப்போட எண்ணினார். சாலையோரத்தில் மீன்கூடையுடன் பெண்கள் நடந்துகொண்டிருந்தனர். பின்னால் வருபவன் ஒற்றை விளக்கைக் கண்டு, இருசக்கர வண்டி என எண்ணி நெருங்கினால் என்ன ஆகும்? முன்விளக்கு அணைந்தாலும் இதே ஆபத்துதான். வலப்புற விளக்கு அணைந்ததாயின் ஆபத்து இன்னும் பெரிது, எதிரே வருபவர் நம்மைக் கடந்து செல்லும் பக்கம் அதுவாகையால்.

முனிவர்கள் பகலொளியில் நான்கு முழத் தூரத்தை நோக்கி அடியெடுத்து வைப்பர். அது ஈர்யா சமிதி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் வாகனமோ ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. இல்லறத்தார் முனிவரைப் போல் நடக்க இயலாது. வாகனத்தின் விளக்குகளைச் செம்மையாக வைத்துக்கொள்ளவாவது இயலுமன்றோ?

வேலையும் பெரிதன்று. அருகிலிருந்த கடையில் பல்பு வாங்கி வந்தோம். விளக்கை அணைத்து, சூடு தணிந்த பின் மூடியின் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். பழைய பல்பை உள்ளே அழுத்தித் திருப்பினால் வந்துவிடும். அந்த ஒரே பல்பினுள் இரண்டு இழைகள்: 5 வாட் இழை இரவு முழுவதும் எரிவது, 21 வாட் இழை பிரேக்கை அழுத்துங்கால் எரிவது. அடியிலுள்ள இரு முனைகளும் சமமான உயரத்தில் இல்லாததால் மாற்றிப் பொருத்த முடியாது. முன்விளக்கின் ஹாலஜன் பல்புக்கு வேறொரு கட்டுப்பாடு உண்டு. அதன் கண்ணாடியில் விரல் படலாகாது. விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் மிகுதியாகச் சூடேறிப் பல்பு விரைவில் கெடும். எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்ட புதிய கார்களுக்கு இவை பொருந்தா.

இங்கே நம் கருத்தில் நிற்பது அந்தச் சைக்கிள்காரரே. ஓட்டுநர் தம் பின்விளக்கைத் தாமே காண முடியாது. நம் குற்றங்களும் பெரும்பாலும் முதுகுப்புறத்தில் இருப்பவை. தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஒன்பது வகைப் பிராயச்சித்தங்களில் ஆலோசனை முதலாவது. பேச்சு வழக்கில் பிறருக்கு யோசனை கூறுதலை ஆலோசனை என்கிறோம். ஆகமத்தில் அது தன் குற்றத்தைக் குருவின்முன் மறையாது வைத்தல். அவ்வாறு வைப்பதற்கு முதலில் குற்றம் தெரிய வேண்டும். நம் வீடுகளில் மருமகளோ பேரப்பிள்ளையோ ஒரு குறையைச் சுட்டிக்காட்டினால், சொன்னவரின் வயதைக் கேட்கிறோம், சொன்ன குரலைக் குறை கூறுகிறோம். சைக்கிள்காரரிடம் எவரும் வயது கேட்கவில்லை.

பிரேக் விளக்கைச் சோதிக்க இருவர் வேண்டும். ஒருவர் அழுத்த, ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். அடுத்த முறை மேல்சித்தாமூருக்கோ பொன்னூருக்கோ புறப்படும் முன், பின்னால் நிற்கும் அந்த வேலையை வீட்டுச் சிறுவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ‘எரியவில்லை’ என்று உரக்கச் சொல்வதில் அவர்களுக்குத் தயக்கமே இராது.