கேட்டவன் கூறவேண்டிய மெய்

ஒரே மண்டபம், ஒரே வித்துவான், ஒரே பாட்டு. கேட்டு எழுந்தவருள் ஒருவர், "இதுவன்றோ சங்கீதம்!" என்று கண்ணைத் துடைக்கின்றார். அவருக்கு அடுத்த ஆசனத்தில் இருந்தவரோ, "பாட்டைக் கெடுத்துவிட்டார்" என்று முகஞ் சுளிக்கின்றார். இவ்விருவரில் மெய் கூறியவர் யார்? இருவருமா? ஒருவருமில்லையா? இது சங்கீதம் பயின்றோர்க்கு மட்டும் உரிய வினா என்று வாசகர் தள்ளிவிட வேண்டா. தன் மனம் கண்டதைக் கண்டவாறு சொல்லும் துணிவு மனிதனுக்கு வேண்டுமா, வேண்டாவா என்பதே இதனுள் அடங்கிக் கிடக்கும் வினா.

இதனை எழுத நேர்ந்த காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்தின் மானேஜர், பட்டணத்தில் நடந்த ஒரு பியானோ கச்சேரிக்கு என்னையும் உடனழைத்துச் சென்றார். நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், மேல்நாட்டுச் சங்கீதத்தில் சிறிது ஆசையுள்ளவன் என்பதே அவ்வழைப்புக்குக் காரணம். அன்று வாசித்தவர், ஷோப்பன் என்பார் இயற்றிய நாக்டர்ன் ஒன்றை மிக மெதுவாக எடுத்து, மனம் வந்த இடத்தில் நின்றும், மனம் வந்த இடத்தில் விரைந்தும் வாசித்தார். முடிவில் ஒலி தேய்ந்து தேய்ந்து, உறங்கும் குழந்தையின் மூச்சைப்போல் அடங்கியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இடைவேளையில் மானேஜர், "இதை இப்படியா வாசிப்பது? கெடுத்துவிட்டார்" என்றார். நான் ஒரு கணமும் தாமதியாமல், "ஆம் ஐயா, எனக்கும் அவ்வாறே பட்டது" என்றேன்.

அது பொய். எவருக்கும் தீங்கிழைக்காத சிறு பொய்தான். எனினும் தோட்டத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அது என் நெஞ்சை உறுத்திற்று. உத்தியோகத்தைப் பற்றிய பேச்சில் பணிந்து போவதற்காவது வயிற்றைக் காரணமாகக் காட்டலாம். என் காது கேட்டதையும் என் நெஞ்சு உணர்ந்ததையும் பற்றிய பேச்சிலும் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுப்பானேன்?

இனி, அப்பாட்டு எத்தகையது என்பதைப் பார்ப்போம். நாக்டர்ன் என்றால் இரவுக்குரிய பாட்டு என்று பொருள் கொள்ளலாம். பியானோவுக்கென்று இவ்வகைப் பாட்டை முதன்முதல் அமைத்தவர் ஜான் பீல்டு என்னும் ஐரிஷ்காரர். 1782-இல் டப்ளினில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ருஷ்யாவில் கழித்து, 1837-இல் மாஸ்கோவில் மறைந்தவர். இடது கை சீரான அலைபோல் சுரங்களை எழுப்பிக்கொண்டிருக்கும். அதன்மேல் வலது கை, மனிதர் வாய்விட்டுப் பாடுவது போன்று ஒரு மெட்டை இசைக்கும். இதுவே அதன் அமைப்பு. வார்சாவுக்கருகில் 1810-இல் பிறந்து, 1849-இல் பாரிஸில் மறைந்த ஷோப்பன், இவ்வமைப்பை எடுத்தாண்டு அதனுள் ஆழ்ந்த துயரத்தையும் கொந்தளிப்பையும் புகுத்தினார். அவருடைய நாக்டர்ன்கள் 21. அவற்றுள் உலகம் மிக அறிந்தது, 1832-இல் வெளியான ஒன்பதாம் எண்ணிட்ட தொகுதியில் இரண்டாவதாக உள்ள பாட்டு. அன்று நான் கேட்டது அதுவே.

அது 34 தாளக் கட்டங்களே கொண்டது. நான்கைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரே மெட்டு மீண்டும் மீண்டும் வருகின்றது. வருந்தோறும் புதிய அணிகளைப் பூண்டு வருகின்றது. இறுதிக்குச் சற்று முன் பலத்து எழுந்து, தாளத்தின் கட்டை விட்டுச் சிறு சுரங்களாய்ச் சுழன்று, பின்பு மிக மெல்லிய ஒலியில் அடங்குகின்றது. இவையெல்லாம் தாளில் எழுதப்பட்டுள்ளன. வேகத்துக்கு ஓர் எண்ணைக்கூட ஷோப்பன் குறித்திருக்கின்றார். ஆயினும், எந்தச் சுரத்தில் மூச்சு விடுவது, எந்த அணியை ஒரு நொடி நீட்டுவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பவற்றையெல்லாம் எத்தாளும் முற்றக் கூறிவிட இயலாது. அங்கேதான் வாசிப்பவர் உரிமை தொடங்குகின்றது. கேட்பவர் சண்டையும் அங்கேதான் தொடங்குகின்றது.

"எழுதியவாறு வாசிப்பதே முறை, மாற்றுவது குற்றம்" என்பர் ஒரு சாரார். ஏட்டைக் காட்டி எதிராளியின் வாயை மூடும் இவ்வழக்கத்தை நாம் வேறு துறைகளிலும் கண்டு சலித்தவர்கள். இங்கு ஏடு எழுதியவரே என்ன செய்தார் என்று பார்த்தால் போதும். ஷோப்பன் தம் மாணாக்கர் வைத்திருந்த அச்சுப் பிரதிகளில், இதே பாட்டுக்கு வெவ்வேறு அணிகளைத் தம் கையாலேயே பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கின்றார். அச்சேறிய பின்னும் அவர் மனம் அப்பாட்டை முடிந்துபோனதாகக் கருதவில்லை. இயற்றியவரே திறந்து வைத்த கதவை நாம் பூட்டிவிட்டு, "உள்ளே வராதே" என்று காவல் நிற்பது என்ன நியாயம்?

அதிகாரமுள்ளவர் தீர்ப்பும் இவ்விஷயத்தில் நிலைத்ததில்லை. 1829-இல் வியன்னாவில் ஷோப்பன் வாசித்தபோது, பியானோவை ஓங்கி அடித்து வாசிப்பதைக் கேட்டுப் பழகிய பலர், இவர் வாசிப்பு மிக மெலிந்தது என்றனர். பிற்காலத்தார் எதனை அவருடைய பெருமை என்று போற்றினரோ, அதுவே அன்று குறையாகப் பட்டது. பெர்லின் நகரத்து விமரிசகர் ரெல்ஸ்டாப், இந்த நாக்டர்ன்கள் வெளிவந்தவுடன் பீல்டின் பாட்டுகளோடு ஒப்பிட்டு, பீல்டிடம் இயல்பாக இருந்ததை ஷோப்பன் மிகைப்படுத்திக் கோணலாக்கிவிட்டார் என்று கடுமையாக எழுதினார். அவர் கல்லாதவர் அல்லர், கவிஞர், அந்நகரில் செல்வாக்கு மிக்கவர். அன்று அவர் எழுத்தைப் படித்துவிட்டு, "எனக்கும் அவ்வாறே பட்டது" என்று தலையாட்டியவர் எத்தனை பேரோ! சொல்பவர் யார் என்று பாராமல் சொல்லப்பட்டதன் மெய்ம்மையைப் பார் என்று வள்ளுவர் நமக்குக் கூறியது இத்தகைய தலையாட்டலுக்கு மருந்தாகவே.

அப்படியானால், "அவரவர் விருப்பம் அவரவர்க்கு, இதில் சரியேது, தவறேது?" என்று மறுசாரார் கூறுவது உண்மையாகுமா? கேட்பதற்கு இது பெருந்தன்மையான சொல்லாகத் தோன்றும். ஆராய்ந்து பார்த்தால், யோசிக்கும் வேலையிலிருந்து தப்பிக்கும் சோம்பலே அதனுள் இருக்கின்றது. ஷோப்பன் தம் மாணாக்கருக்குக் கற்பித்த முறையை அவர்களே பதிவு செய்துள்ளனர்: இடது கை வாத்தியக் குழுவின் தலைவரைப்போல் தாளத்தைக் காக்க வேண்டும், வலது கை அதன்மேல் முந்தியும் பிந்தியும் உரிமையோடு பாடலாம். மரத்தின் அடி அசையாது நிற்க, இலைகள் காற்றில் ஆடுவது போன்றது இது. அடிமரமே ஆடினால் அதற்கு உரிமை என்று பெயரில்லை. விழுதல் என்று பெயர். எனவே, கேட்பவர் சுட்டிக் காட்டக்கூடிய இடங்கள் உண்டு. எடுத்துரைக்கக்கூடிய காரணங்களும் உண்டு. காரணமுள்ள இடத்தில் வெறும் விருப்பத்தைக் காட்டி விலகுவது நேர்மையன்று.

இசைத்தட்டுகள் நமக்கு இவ்வகையில் பேருதவி புரிகின்றன. இதே பாட்டை ரக்மானினோவ் 1927-இல் பதிவு செய்தார். ஷோப்பனின் மாணாக்கரான மிக்குலியிடம் கற்ற கோச்சால்ஸ்கி, ஷோப்பன் எழுதிக் கொடுத்த மாற்று அணிகளையும் சேர்த்து 1938-இல் பதிவு செய்தார். ரூபின்ஸ்டைன் ஷோப்பனின் நாக்டர்ன்களை முப்பதுகளில் ஒருமுறை, 1949-50-இல் ஒருமுறை, அறுபதுகளில் ஒருமுறை என மும்முறை பதிவு செய்தார். முதலாவதில் இளமைத் துடிப்பைக் கண்டு அதனையே விரும்புவாரும் உளர். கடைசியில் உள்ள கனிவையும் அமைதியையும் போற்றுவாரும் உளர். ஒரே மனிதர், ஒரே பாட்டு. எனினும் மூன்றும் ஒன்றல்ல. முப்பது ஆண்டு வாழ்க்கை இடையில் நிற்கின்றது. சரியான வாசிப்பு ஒன்றே ஒன்றுதான் என்றால், அவர் இருமுறையேனும் தவறியிருக்க வேண்டும். எதுவும் சரி என்றால், மீண்டும் பதிவு செய்ய அவர் உழைத்திருக்கத் தேவையில்லை.

இத்தட்டுகளைப் பல இரவுகள் கேட்ட பிறகு எனக்கு ஒன்று விளங்கிற்று. அன்றைய கச்சேரியில் வலது கையோடு இடது கையும் சேர்ந்து தடுமாறியது. அலையே நின்று நின்று வந்தது. மானேஜர் வெறுத்தது அதனைத்தான் என்று எண்ணுகிறேன். அவ்வளவில் அவர் கூறியது சரி. ஆனால் அந்த முடிவு, ஒலியா மௌனமா என்று அறிய ஒண்ணாதபடி அடங்கிய அவ்விடம், நான் இதுவரை கேட்ட எத்தட்டுக்கும் குறைந்ததன்று. அவ்வளவில் என் தொண்டை அடைத்ததும் சரி. நான் அன்றே மெய் பேசியிருந்தால் அவர் எனக்கு இடது கையைக் காட்டியிருப்பார். நான் அவருக்கு அந்த முடிவைக் காட்டியிருப்பேன். என் பொய் இருவரையுமே ஏழையாக்கிற்று.

பிந்தியேனும் சென்ற மாதம் அவரிடம் உண்மையைக் கூறினேன். அவர் சினங்கொள்ளவில்லை. சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "எந்த இடம் உமக்குப் பிடித்தது?" என்று கேட்டார். எட்டு ஆண்டுகளாக அவர் கீழ் வேலை பார்க்கிறேன். கணக்குப் புத்தகத்தைப் பற்றியன்றி வேறொன்றைப் பற்றி அவர் என்னை வினவியது அதுவே முதன்முறை.

கேட்பவன் கடமை இரண்டு என்பதே என் முடிபு. தான் உணர்ந்ததை அஞ்சாது உள்ளவாறு கூறுதல் ஒன்று. அதற்குக் காரணம் தேடி, காரணம் பிழையெனின் திருந்த இசைதல் மற்றொன்று. முன்னது இல்லாதவன் அடிமை. பின்னது இல்லாதவன் முரடன்.

ஆங்கிலம் படித்த நம்மவருள் சிலர், புரியாததைப் புரிந்ததாகக் காட்டித் தலையாட்டுகின்றனர். தோட்டத்திலுள்ள நம் தோழரோ, "இதெல்லாம் நமக்கெங்கே புரியப் போகிறது?" என்று எழுந்து போகின்றனர். இரசிகர் என்று ஒரு சாதி, அறியாதவர் என்று ஒரு சாதி வகுத்தது யார்? காது எல்லோர்க்கும் ஒன்றே. உட்கார்ந்து கேளுங்கள். பிடிக்கவில்லையெனில் பிடிக்கவில்லை என்று கூறுங்கள். பிடித்ததெனில், எவர் முகஞ் சுளித்தாலும், பிடித்தது என்று கூறுங்கள். பிறகு, எந்த இடம் என்று கேட்பவருக்கு விடை சொல்ல ஆயத்தமாயிருங்கள்.