பிடி அரிசி

பசித்த குழந்தைக்குச் சோறு போடுவது தர்மமா, கடமையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் தர்மம் என்றால் வாங்குகிறவன் தலைகுனிகிறான். கடமை என்றால் கொடுக்கத் தவறியவன் தலைகுனிய வேண்டும். இந்த வேற்றுமையை எனக்குக் கற்பித்தது எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் இருந்த ஒரு மண் கலயம்.

காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிற்று. ஊரார் கொடுத்ததைக் கொண்டே முதலில் அடுப்பு மூண்டது. அடுத்த ஆண்டு அரசு கைகொடுத்தது. செலவில் நூற்றுக்கு 60 பங்கு அரசினுடையது. 40 பங்கை ஊர் திரட்ட வேண்டும். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். எங்கள் ஊரில் நிலமுள்ளவர்கள் மூட்டையாகக் கொடுத்தார்கள். இல்லாதவர்கள் விறகும் காயும் கொடுத்தார்கள். அம்மா உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை அந்தக் கலயத்தில் போடுவாள். வாரம் ஒரு முறை பள்ளிப் பிள்ளைகள் சாக்கோடு வருவார்கள்.

ஒரு நாள் கோலி விளையாட்டில் வகுப்புத் தோழன் ஒருவனோடு எனக்குச் சண்டை. அவன் பள்ளியில் சாப்பிடுகிறவன். "எங்க வீட்டு அரிசியைத் தின்னுட்டு எங்கிட்டேயே சண்டைக்கு வர்றியாடா?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. அன்று சாப்பாட்டு மணி அடித்ததும், தட்டை எடுக்காமல் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

செய்தி வீட்டுக்கு எட்டிற்று. அம்மா அடிக்கவில்லை. கலயத்தை என் முன்னால் வைத்து, "நேத்துப் போட்ட பிடி எது, முந்தாநாள் போட்டது எது, பிரிச்சு எடு, பார்க்கலாம்" என்றாள். நான் விழித்தேன்.

"இதிலேயே பிரிக்க முடியலே. ஊர் அரிசியெல்லாம் விழுந்த சாக்கிலே உன் வீட்டு அரிசியை மட்டும் எப்படிடா கண்டே?"

மறுநாள் வாத்தியாரிடம் சொல்லிவைத்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்படி என்னை அனுப்பினாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் மட்டும் விட்டான்.

ஊர் கூடிச் செய்யும் உதவியின் மேன்மை அந்தச் சாக்கில்தான் இருக்கிறது. எந்தப் பிள்ளை தின்றது என்று கொடுத்தவனுக்குத் தெரியாது; எந்த வீடு கொடுத்தது என்று தின்ற பிள்ளைக்குத் தெரியாது. தெரியும் என்று நான் சொன்ன அந்தக் கணத்தில் சோறு பிச்சையாகிவிட்டது.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2022-ல் காலை உணவும் வந்தது. ஊராரின் இரக்கத்தை நம்பிப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கலயத்தைக் கவிழ்த்து வைத்ததோடு நம் பங்கும் தீர்ந்துவிட்டதென்று எண்ணிக்கொண்டோம். சமைத்தவர் இன்ன சாதி என்பதற்காகத் தம் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோரைப் பற்றி இன்னும் செய்தித்தாளில் படிக்கிறோம். அரிசியை அரசு தந்துவிடும். என் பிள்ளையை அந்தப் பந்தியில் உட்கார வைக்க வேண்டியவன் நான்தான். ஊர் தர வேண்டிய 40 பங்கில் அது இன்னும் பாக்கி நிற்கிறது.