வாசலைக் கூட்டுங்கள்... வளம் பெருகும்!

நம் தமிழில் ஓர் அழகு பார்த்தீர்களா? துடைப்பத்தை எடுத்து வீட்டைச் சுத்தம் செய்வதை ‘கூட்டுவது’ என்கிறோம். சில ஊர்களில் ‘பெருக்குவது’ என்பார்கள். கூட்டுதல் என்றால் ஒன்று சேர்த்தல். பெருக்குதல் என்றால் அதிகமாக்குதல். குப்பையை வெளியேற்றுகிற வேலைக்கு, சேர்ப்பது, வளர்ப்பது என்று பெயர் வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்!

பங்குனி பிறந்துவிட்டது. இன்னும் சில நாட்களில் சித்திரைப் புத்தாண்டு. பரண் மேல் கிடக்கும் பழைய சாமான்களை இறக்கி, ஒட்டடை அடித்து, பூஜையறைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கி, வீட்டைக் கழுவி விடுகிற வேலை உங்கள் வீட்டிலும் ஆரம்பமாகியிருக்கும். இடுப்பு ஒடிகிற வேலைதான். ஆனாலும், வேலை முடிந்து சுவாமி விளக்கை ஏற்றும்போது மனதில் ஒரு குளிர்ச்சி பரவுமே... அதற்கு ஈடு உண்டா?

அந்தக் குளிர்ச்சி நம் வாசற்படியோடு நின்றுவிடலாமா என்பதைத்தான் இந்த வாரம் நாம் சேர்ந்து சிந்திக்கப் போகிறோம்.

திருவலகு ஏந்திய திலகவதியார்

கோயிலைக் கூட்டும் துடைப்பத்துக்கு ‘திருவலகு’ என்று பெயர். துடைப்பத்துக்குக்கூட ‘திரு’ போட்டு மரியாதை செய்த மரபு நம்முடையது. திருவதிகையில் அந்தத் திருவலகை ஏந்தியவர் திலகவதியார். பொழுது விடியும் முன்பே கோயிலுக்குச் சென்று கூட்டுவார், சாணமிட்டு மெழுகுவார், பூப்பறித்து மாலை தொடுப்பார். சமணம் சென்றுவிட்ட தம்பி, சூலை நோயால் துடித்தபடி அக்காவைத் தேடி வந்தபோது, திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றதும் அவரே. அந்தத் தம்பிதான் நம் அப்பர் பெருமான்.

பின்னாளில் அப்பர் ஊர் ஊராக நடந்தார். கையில் உழவாரப்படை. புல்லைச் செதுக்குகிற சாதாரணக் கருவி. எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் பாடுவதோடு, பிராகாரத்தில் முளைத்த புல்லையும் செதுக்குவார். ‘இது என் ஊர்க் கோயில் இல்லையே’ என்று அவர் எந்த இடத்திலும் நிற்கவில்லை. பாட்டால் உயர்ந்த அந்த மகானை இன்றும் சிற்பிகள் உழவாரப்படையோடுதான் வடிக்கிறார்கள். தம்பிக்கு அந்தப் பாடத்தை முதலில் நடத்திக் காட்டியது அக்காவின் துடைப்பம் அல்லவா!

ஆவுடையார்கோயில் சொல்லும் கதை

புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கியிலிருந்து மீமிசல் செல்லும் சாலையில் இருக்கிறது ஆவுடையார்கோயில். புராணப் பெயர் திருப்பெருந்துறை. இங்கே சுவாமி ஆத்மநாதருக்கு லிங்கத் திருமேனி கிடையாது. ஆவுடையார் மட்டுமே. அம்பாள் யோகநாயகிக்கும் திருவடிகள் மட்டுமே. நந்தியும் கொடிமரமும் இல்லாத சிவாலயம். புழுங்கலரிசிச் சாதத்தை வடித்து ஆவி பறக்கப் படைக்க, அந்த ஆவியே நைவேத்தியம்!

பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னையெல்லாம் மணிவாசகர் இங்கே திருப்பணிக்குச் செலவழித்தார். அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நரி பரியானது, பரி மீண்டும் நரியானது, மன்னன் கோபத்தில் மணிவாசகரை வைகையின் சுடுமணலில் நிறுத்தினான். பெருகி வந்தது வைகை. மதுரைக்கே ஆபத்து!

‘வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, அவரவர் பங்குக் கரையை அடைக்க வேண்டும்’ என்று உத்தரவு போட்டான் மன்னன். ஊரே மண்வெட்டியோடு கிளம்பியது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு மட்டும் யாரும் இல்லை. அவளுக்காகக் கூலியாளாக வந்தார் சொக்கநாதர். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டார். தின்றார், ஆடினார், பாடினார், படுத்து உறங்கினார். மன்னன் பிரம்பால் அடிக்க, அந்த அடி எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைந்தார் இறைவன்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் விரித்துச் சொல்லும் இந்தக் கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். ஆனால் சகோதரிகளே, ஒரு கேள்வியை நாம் கேட்டுப் பார்த்ததில்லை. வந்தியின் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள்?

புராணம் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் பங்கை ஒழுங்காக அடைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். ‘நம் வேலையை முடித்தாயிற்று’ என்று திருப்தியோடு கைகழுவியும் இருப்பார்கள். ஆனால் வெள்ளம் பங்கு பார்த்து வருமா? வந்தியின் பங்கில் ஒரு முழம் கரை உடைந்தாலும், ஊர் முழுவதும் அல்லவா மூழ்கும்! கிழவியின் கரையும் தங்கள் கரைதான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. ஓர் அடுத்த வீட்டுக்காரர் நாலு கூடை மண் போட்டிருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை. அது நடக்காததால், ஆண்டவனே இறங்கி வந்தான். ஒருவர் மேல் விழுந்த அடி எல்லார் முதுகிலும் பட்டதன் பொருளும் இதுதானே?

கரையை அடைத்த கைகள்

ஊர்க் கரையை ஊரே அடைப்பது புராணத்தோடு முடிந்துபோன வழக்கம் அல்ல. புதுக்கோட்டை பெரிய நதிகளை நம்பிய பூமி இல்லை. மழையை நம்பிய பூமி. அதனால்தான் ஊருக்கு ஊர் கண்மாய், குளம், ஊருணி என்று வெட்டி வைத்தார்கள். கரைக்கு ஐயனாரைக் காவல் வைத்தார்கள். கோடையில் நீர் வற்றியதும், வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூடி, வண்டலை அள்ளி, மடையைச் சரிசெய்து, வரத்துக் கால்வாயில் மண்டிய முள்ளை வெட்டினார்கள். இதற்குப் பெயர் ‘குடிமராமத்து’. 2017-ல் தமிழக அரசு நீர்நிலைகளைச் சீர்செய்யத் தொடங்கிய திட்டத்துக்கும் இந்தப் பழைய பெயரையே வைத்தது.

புதுக்கோட்டை நகருக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. சமஸ்தான காலத்தில், 1878 முதல் 1894 வரை இங்கே நிர்வாகத்தைக் கவனித்தவர் திவான் சேஷையா சாஸ்திரி. அகலமான நேர்த் தெருக்களோடு ஊரை ஒழுங்குபடுத்திய அவர், நகரின் குளங்களையும் சீர்படுத்தினார். சாந்தநாத சுவாமி கோயிலையொட்டி இருக்கும் பல்லவன் குளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்... கோயிலும் குளமும் சேர்ந்தால்தான் ஊருக்கு லட்சணம்!

அந்த ஊர் 1974 ஜனவரி 14-ல், பொங்கல் திருநாளில், தனி மாவட்டத்தின் தலைநகரானது. 2024-ல் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. ஊர் பெரிதாகும்போது குப்பையும் பெரிதாகும். பெரிதாக வேண்டிய இன்னொன்று, நம் மனசு.

நம் அழுக்கு எங்கே போகிறது?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டைச் சுத்தம் செய்யும் நாளில் நம் அழுக்கெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது?

வாசலைக் கழுவிய தண்ணீர் அடுத்த வீட்டுக் கோலத்தை அழித்துக்கொண்டு ஓடுகிறது. பழைய காலண்டர் சுவாமி படங்களைக் குப்பையில் போட மனம் வராமல், தெருமுனை அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருகிறோம். வெயிலிலும் மழையிலும் கிடந்து, நாம் கும்பிட்ட தெய்வத்தின் முகம் கிழிந்து தொங்குகிறது. பரிகாரம் என்று கட்டிய துணியைக் கோயில் குளத்திலேயே விட்டுவிடுகிறோம். திருஷ்டி கழித்த பூசணிக்காயை நடுரோட்டில் உடைக்கிறோம். பின்னால் வண்டியில் வருகிற பிள்ளை வழுக்கி விழுந்தால், நம் வீட்டுத் திருஷ்டி அந்த வீட்டுத் துயரமாகிவிடாதா? எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் முச்சந்தியில் போட்டு, யாராவது மிதிக்கட்டும் என்று நினைப்பதும் அப்படித்தான். நம் தோஷத்தை அடுத்தவர் காலில் ஒட்டவைத்துவிட்டு, அம்பாளிடம் போய் ‘தாயே, காப்பாற்று’ என்றால் அவள் யாரைக் காப்பாற்றுவாள்? அவளுக்கு இரண்டு வீடும் பிள்ளை வீடுதானே!

இடத்தை மாற்றி வைப்பதற்குச் சுத்தம் என்று பெயரில்லை.

மறக்கக் கூடாத ஒரு தண்ணீர்த் தொட்டி

எழுதக் கை நடுங்கினாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், இறையூரை அடுத்த வேங்கைவயலில், 2022 டிசம்பரில், பட்டியலினக் குடும்பங்களுக்குக் குடிநீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியரிடம், ஊர் ஐயனார் கோயிலுக்குள் தங்களை விடுவதில்லை என்று அந்த மக்கள் சொல்ல, அவரே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்ததும் அப்போது வெளிவந்தது.

தொட்டியில் அதைக் கலந்தது யார் என்று தீர்ப்பது சட்டத்தின் வேலை. நமக்கான கேள்வி வேறு. ஒரே ஊர், ஒரே ஐயனார், ஒரே மழை. அப்படியிருக்க, ‘உன் கால் பட்டால் கோயில் தீட்டு, உன் உதடு பட்டால் டம்ளர் தீட்டு’ என்று பக்கத்துத் தெருக்காரரைத் தள்ளி வைத்தது யாருடைய சுத்தம்? கோயிலை எத்தனை முறை கழுவி விட்டாலும் இந்த அழுக்கு போகுமா?

திருப்பெருந்துறையை மறுபடி நினைத்துப் பாருங்கள். அங்கே சுவாமிக்கு உருவமே இல்லை. உருவமில்லாதவனுக்கு ஊர் ஏது, தெரு ஏது, தீண்டாமை ஏது?

இது நமக்குச் சம்பந்தமில்லாத கிராமத்துச் செய்தி என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு நம் சமையலறையில் தனி டம்ளர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்போம். இருந்தால், பங்குனியில் பரணைவிட முதலில் சுத்தமாக வேண்டிய இடம் அந்த அலமாரிதான்.

இந்தப் பங்குனியில் நாம் செய்யக்கூடியவை

பெரிய காரியங்கள் வேண்டாம். வந்தியின் பிட்டு மாதிரி, சின்னச் சின்னதாகப் போதும்.

* நம் வாசலைக் கூட்டும்போது, பக்கத்து வாசலில் நாலு முழம் சேர்த்துக் கூட்டுங்கள். அது தனியாக இருக்கும் பாட்டியின் வாசலாகவோ, பிள்ளை பெற்று வந்திருக்கும் பெண்ணின் வாசலாகவோ இருந்தால் இன்னும் விசேஷம்.

* கிழிந்த சுவாமி படங்களில் கண்ணாடியையும் சட்டத்தையும் தனியே எடுத்துவிட்டு, காகிதத்தை வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, செடியின் வேரடியில் மண்ணோடு சேர்த்துவிடுங்கள்.

* பூஜைக்குப் பயன்பட்ட வாடிய பூவையும் வெற்றிலையையும் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் தொட்டிச் செடிக்கு உரமாக்குங்கள். நிர்மால்யம் மறுபடி பூவாக வரும்!

* மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு போன்றவற்றைக் கனமான காகிதத்தில் சுற்றி, ‘கண்ணாடி’ என்று எழுதிக் கொடுங்கள். குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளரும் ஒரு வீட்டின் அம்மாதான். அந்தக் கையில் ரத்தம் வராமல் பார்ப்பது நம் பொறுப்பு. வெயிலில் வந்து நிற்கும் அவருக்கு, நாம் குடிக்கும் அதே டம்ளரில் நீர்மோர் கொடுங்கள்.

* திருஷ்டிப் பூசணிக்காயை ரோட்டின் நடுவே உடைக்காதீர்கள். ஓரமாக உடைத்து, உடனே நாமே அள்ளிவிடலாம்.

* தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அருகிலிருக்கும் கோயிலுக்கு உழவாரப்பணி செய்யப் போங்கள். முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள். பேசாமல் இருக்கும் எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். சேர்ந்து துடைப்பம் பிடித்த கைகள் சண்டையை மறந்துவிடும்.

சித்திரை முதல் நாள் கனி காணும்போது, கண்ணாடியில் நம் முகத்தோடு நம் தெருவும் தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வோம். பக்கத்து வீட்டுக் கரை உடையாமல் நாம் நாலு கூடை மண் போட்டால், பிட்டுக்கு மண் சுமந்தவன் நம் வீட்டுக்கு விருந்தாளியாக வருவான்.

கூட்டுவோம், குப்பையை மட்டுமல்ல, அக்கம்பக்கத்தையும். பெருக்குவோம், வாசலை மட்டுமல்ல, அன்பையும். ஆத்மநாதரும் யோகநாயகி அம்பாளும் உங்கள் இல்லத்திலும், உங்கள் பக்கத்து இல்லத்திலும் நிறைந்து அருள்பாலிக்கட்டும்!