ஏழை சொல் அம்பலம் ஏறும்!

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால், வாச்சாத்திக்கு வழி கேட்டுப் போய்வரச் சொல்லுங்கள்.

தருமபுரி மாவட்டத்தில் அரூர் பக்கம் இருக்கும் பழங்குடி மக்களின் ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். கண்டவரையெல்லாம் அடித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அதோடு விட்டார்களா? அடிபட்ட மக்கள் மீதே வழக்குப் போட்டு, பெண்களையும் குழந்தைகளையும் சிறைக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பக்கம் மூன்று அரசுத் துறைகள். இந்தப் பக்கம் காடும் கழனியும் தவிர வேறு துணை இல்லாத மக்கள். வென்றது யார்?

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் மீதமிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. ஒருவர்கூடத் தப்பவில்லை! மேல்முறையீடு செய்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

31 ஆண்டுகள்! இத்தனை காலம் பிடித்தது நம் நீதி அமைப்பின் மேல் உள்ள கறை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 31 ஆண்டுகளும் தளராமல் நின்றார்களே, அந்தப் பெண்கள்! அந்த உறுதி உங்களிடமும் உண்டு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் செய்தது என்ன? வாயைத் திறந்தார்கள். புகாரைத் தட்டிக் கழித்தபோது அடுத்த கதவைத் தட்டினார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் தோள் கொடுத்தன. அந்தக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான ஏ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். 1995இல் விசாரணை சி.பி.ஐ. கைக்கு மாறியது. அடையாள அணிவகுப்பு நடந்தபோது, தங்களைச் சீரழித்தவர்களை அந்தப் பெண்கள் நேருக்கு நேர் நின்று கைகாட்டினார்கள். பிறகு சாட்சிக் கூண்டேறி, நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். பட்டம் கிடையாது, பணம் கிடையாது; உண்மையும் ஒற்றுமையும்தான் கையில் இருந்தன.

உங்களுக்கு என்ன குறை? இலவச சட்ட உதவி இன்று உங்கள் வாசலில் நிற்கிறது. பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று 1976இல் அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதைச் செயலாக்க வந்தது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். நீங்கள் பெண்ணா? பட்டியல் சாதியினரா, பழங்குடியினரா? மாற்றுத்திறனாளியா? ஆலைத் தொழிலாளியா? காவலில் இருப்பவரா? உங்கள் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. குழந்தைகளுக்கும் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அதற்குள் இருந்தால் அவர்களுக்கும் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகாவில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. போனில் 15100 அழுத்துங்கள்.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுக்கிறார்களா? தலைகுனிந்து திரும்பாதீர்கள்! எழுத்தில் எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லையா? மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டியது காவல்துறையின் கடமை. கேட்டு வாங்குங்கள். அது பிச்சை அல்ல, உங்கள் உரிமை.

இன்னொன்றையும் நெஞ்சில் ஏற்றுங்கள். குற்றவாளியைக் கம்பிக்குள் தள்ளுவதோடு நீதியின் வேலை முடிவதில்லை. உடைந்த வாழ்க்கையை யார் கட்டித் தருவது? வாச்சாத்தித் தீர்ப்பு அந்தக் கேள்வியையும் கேட்டது. தீர்ப்புக்கு முன் உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அந்த ஊருக்கே போனார். சொல் அம்பலம் ஏறியது. அம்பலமே ஊர் தேடி வந்தது! பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அவர்களுக்கோ குடும்பத்தாருக்கோ வேலை, ஊரின் வாழ்வை உயர்த்த நடவடிக்கை என்று உத்தரவிட்டார். இழப்பீட்டில் பாதியை வன்கொடுமை செய்தவர்களிடமிருந்தே வசூலிக்கச் சொன்னார். கெடுத்தவனே கட்டித் தர வேண்டும். இதுதான் சீரமைப்பு நீதியின் அடிநாதம்.

நியூசிலாந்து 1989லேயே இந்த நீதிமுறையைச் சட்டமாக்கியது. அங்கே தவறு செய்த சிறுவன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, நேர்ந்த சேதத்தை எப்படிச் சரிசெய்வது என்று பேச வைக்கிறார்கள். மாவோரி மக்களின் மரபு அதற்கு வழிகாட்டியது. பேசித் தீர்க்க நம் ஊரிலும் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. வரப்புத் தகராறு, விபத்து இழப்பீடு, பாகப் பிரச்சினை போன்றவற்றை அங்கே கட்டணமின்றிப் பேசித் தீர்க்கலாம். அங்கே முடிவானது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. தாத்தா காலத்து வழக்கைப் பேரன் சுமக்க வேண்டியதில்லை!

ஆனால் எச்சரிக்கை! பாலியல் வன்கொடுமையையும் சாதி வன்கொடுமையையும் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று கட்டப்பஞ்சாயத்துக்கு அழைப்பார்கள். போகாதீர்கள். சமரசம் என்பது இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து செய்வது. ஒருவர் காலடியில் இன்னொருவர் கிடக்கும்போது நடப்பதற்குப் பெயர் அடக்குமுறை. அங்கே சட்டத்தின் முழு வலிமையையும் கேளுங்கள்.

அநியாயம் வாழ்வது அடிப்பவனின் பலத்தால் மட்டுமா? அடுத்த வீட்டுக்காரனின் மௌனத்தாலும்தான். பக்கத்துத் தெருவில் கூலி கிடைக்காமல் ஒருவர் புலம்புகிறாரா? உதைபட்டு ஒரு பெண் அழுகிறாளா? சாட்சி சொல்லத் துணியுங்கள். மனு எழுதத் தெரிந்தால் எழுதிக் கொடுங்கள். தெரியாவிட்டால் அவரோடு சேர்ந்து சட்டப் பணிகள் அலுவலகப் படியேறுங்கள். நீங்களே சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி பெறலாம். அதற்கு வக்கீல் பட்டம் தேவையில்லை.

பயம் வரட்டும்; பயத்தோடே எழுந்து நில்லுங்கள். நாக்கு குழறட்டும், குழறிக்கொண்டே உண்மையைச் சொல்லுங்கள். நியாயம் கேட்கத் தெரிந்த ஊரில் அநியாயக்காரன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அப்படிப்பட்ட ஊராக உங்கள் ஊரை மாற்ற யாரும் வெளியிலிருந்து வரப்போவதில்லை. பேனாவை எடுங்கள். முதல் மனுவை இன்றே எழுதுங்கள்!