திரும்ப வந்த வியாதியும் மேடையில் சொன்ன சாட்சியும்



போன மாதம் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சகோதரி கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்கள்: "ஏன் பாஸ்டர், சுகமாயிட்டேன்னு அந்த அண்ணன் சாட்சி சொன்னாரே, மறுபடியும் வந்திருக்காமே. அப்போ அது பொய்ச் சாட்சியா?"

அந்தச் சகோதரரை நீங்கள் அறிவீர்கள். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். மலக்குடலில் புற்றுநோய் கண்டு, ஆபரேஷன் முடிந்து, வயிற்றில் பையோடு நம் நடுவில் நின்று கண்ணீரோடு கர்த்தரை ஸ்தோத்திரித்தவர். சபையே அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. 1 வருஷம் 8 மாதம் கழித்து, இடுப்புக்குள் மறுபடியும் கட்டி.

உடனே பேச்சு கிளம்பிவிட்டது. விசுவாசம் குறைந்திருக்கும், ஏதோ மறைவான பாவம் இருக்கும் என்று. யோபுவின் சிநேகிதர்கள் இன்னும் சாகவில்லை!

இந்த வியாதியின் தன்மை என்ன? டாக்டர் குடலையும் அதைச் சுற்றிய கொழுப்பையும் சுத்தமாக எடுத்தாலும், கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத சில அணுக்கள் தங்கிவிடலாம். அல்லது முன்னமே ரத்தத்தோடு ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போயிருக்கலாம். திரும்ப வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் 3 வருஷத்துக்குள்ளேயே வருகிறது. 2001-ல் வெளிவந்த நெதர்லாந்து தேசத்து ஆராய்ச்சியில், நல்ல முறையில் ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 100-க்கு சுமார் 8 பேருக்கு 2 வருஷத்துக்குள் அதே இடத்தில் வந்தது. முன்னதாகக் கதிர்வீச்சும் கொடுத்தவர்களில் (நம் ஜனங்கள் கரண்ட் வைக்கிறது என்பார்கள்) 2 அல்லது 3 பேருக்குத்தான். கரண்ட் வைத்தவுடனே மற்றவர்களுக்கு விசுவாசம் கூடிவிட்டதா? யோசித்துப் பாருங்கள்.

இனி சொல்லப்போவது எனக்கு வெட்கமான காரியம். ஆபரேஷனுக்குப் பிறகு 3 மாதத்துக்கு, 6 மாதத்துக்கு ஒரு தடவை சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, அவ்வப்போது ஸ்கேன் என்று 5 வருஷம் வரச் சொல்வார்கள். சகோதரர் என்னிடம் வந்து, "போகட்டுமா பாஸ்டர்?" என்று கேட்டார். "சாட்சி சொன்ன பிறகு எதுக்கு பிரதர் ஸ்கேன்?" என்று சொன்னவன் நான். விசுவாசத்தில்தான் பேசுகிறேன் என்று நினைத்தேன். பிறகு அவருக்கு உட்கார முடியாத வலி வந்தது. 3 மாதம் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கேட்டபோது, "கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படுமே பாஸ்டர்" என்றார். சீக்கிரம் கண்டுபிடித்தால் சிலருக்கு மறுபடியும் ஆபரேஷன் செய்யலாமாம். இவருக்கு அதைப்பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாவே பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார். அது அவிசுவாசமா? 15 வருஷம் முடிந்து ராஜா மரித்தார். கல்லறையிலிருந்து வெளியே வந்த லாசருவும் பிறகு ஒரு நாள் மரித்தார்தானே. அதற்காக அந்த அற்புதம் இல்லாமற்போகாது. நம் சகோதரர் சாட்சி சொன்ன நாளில் கர்த்தர் அவரை நம் நடுவில் உயிரோடு நிறுத்தியிருந்தார், அது மெய். அதற்குமேல் கியாரண்டி கார்டு எழுதியது நாம்தான். அந்தச் சகோதரிக்கும் இதைத்தான் சொன்னேன்.

பவுல் தன் முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை என்பதைச் சபைக்கே எழுதினார். நம் சபையில் யாராவது அப்படி எழுந்து சொல்ல முடியுமா?

சகோதரர் இப்போது மருந்து ஏற்றிக்கொள்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சிக்கு நேரம் கேட்டிருக்கிறார். திரும்ப வந்ததையும் சேர்த்துச் சொல்லப்போகிறாராம். அவருக்கு முன்னால் நான் 5 நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன், அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்க.