கடைசி வண்டியின் வேகம்

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு சென்னையிலிருந்து கிளம்பும் பைக் கூட்டம் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை வந்து சேரும்போது இட்லிக் கடைகளில் கூட்டம் களைகட்டியிருக்கும். பெங்களூர்க்காரர்கள் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக வந்து பக்கத்துக் கடையில் நிற்பார்கள். ராஜகோபுரம் பின்னால் தெரிய ஒரு படம். பிறகு போளூர் வழியாக ஜவ்வாது மலை. பூட்ஸைக் கழற்றி மாட்ட நேரமாகும் என்பதால் பலர் கோயிலுக்குள் போவதில்லை. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது நல்லதாகப் போயிற்று.

திருவண்ணாமலையிலும் மலையைச் சுற்றுவதுதான் வேலை. 14 கிலோமீட்டர், வெறுங்கால். நிறைமாத அரசி நடப்பதுபோல நடக்க வேண்டும் என்பார்கள். மலையை ஒட்டிய வலப்பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத சித்தர்களுக்கு விட்டு, இடப்பக்கமாகப் போவது வழக்கம். பௌர்ணமி இரவில் அத்தனை கூட்டத்திலும் யாரும் யாரையும் எட்டிப்பிடிக்க ஓடுவதில்லை. இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களிலும் உட்கார்ந்து எழுந்து, விடிந்த பிறகு சுற்றை முடிக்கும் கிழவிக்குப் புண்ணியத்தில் பிடித்தம் எதுவும் கிடையாது.

பைக் வரிசையின் கணக்கு வேறு. வளைவுக்கு முன் முதல் வண்டி வேகத்தைக் குறைக்கிறது. வளைவு முடிந்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறது. பத்தாவது வண்டி அப்போது வளைவுக்கே வந்திருக்காது. அது திரும்பி வெளியே வரும்போது முன்னால் ஆளே இல்லை. விட்ட தூரத்தைப் பிடிக்க வேண்டுமானால் அடுத்த வளைவுக்குள் தலைவரைவிட வேகமாக நுழைய வேண்டும். முன்னால் போகிறவர் நிதானமாக ஓட்டியதாகவே சத்தியம் செய்வார், பொய்யில்லை. வால்தான் பறந்துகொண்டிருக்கும். அந்த வாலில் இருப்பவர் பெரும்பாலும் போன மாதம் வண்டி எடுத்தவர். 40-ல் திரும்ப வேண்டிய வளைவில் 60-ல் நுழைந்தால் டயர் சாலையைப் பிடித்து நிற்கத் தேவைப்படும் விசை இரண்டேகால் மடங்கு. மலைச்சாலையில் சரளை சிதறிக் கிடக்கும் இடத்தில் அந்தப் பிடிமானத்துக்கு எங்கே போவது? வளைவுக்கு அந்தப் பக்கம் சாமை மூட்டையோடு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்துகொண்டிருக்கலாம். நமக்கு உல்லாசப் பயணம் போகும் சாலை, அவருக்குச் சந்தைக்குப் போகும் வழி.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. புதியவர் லீடருக்கு அடுத்த வண்டி, கைதேர்ந்தவர் யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளும் கடைசி வண்டி, பிரியும் இடங்களில் எல்லோரும் வரும்வரை காத்திருப்பது. புறப்படும்போது இதைச் சொல்லத்தான் செய்கிறார்கள். சில வளைவுகளுக்குள் வரிசை தானாக மாறிவிடுகிறது. ஜாக்கெட், முழங்கால் கவசம், ஹெல்மெட்டில் கேமரா எல்லாம் வாங்க முடிந்தவருக்கு “கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணா” என்று சொல்ல மட்டும் வாய் வருவதில்லை. அதே மலையில், காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் ஆய்வகத்தைத் தாண்டியும் அவர் போயிருப்பார். பார்த்தது முன்வண்டியின் பின்விளக்கை மட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போளூர் தாண்டி மலை ஏறுமுன் வரிசையைக் கலைத்துவிடுங்கள். சந்திக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு அவரவர் வேகத்தில் வரவிடுங்கள். மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு அரைமணி தாமதமாகப் போனால் அங்கே யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.