பாட்டு வந்த வழியே போனோம்

தரங்கம்பாடியில் ஓய்வுநாள் பள்ளிக்கு வரும் சின்னப் பிள்ளையிடம் சீகன்பால்கு ஐயர் எங்கே படித்தார் என்று கேளுங்கள். ஹாலே என்று பட்டென்று சொல்லும். 1706 ஜூலை 9ஆம் தேதி அந்தக் கடற்கரையில் மிஷனரியாக வந்திறங்கிய அவருக்குப் பின், ஹாலேயில் படித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தமிழ் மண்ணுக்கு வந்தார்கள். ஜெர்மனியில் இருக்கும் அந்த ஹாலேயில் நின்று தமிழில் ஆண்டவரைத் துதிக்கும் பாக்கியம் எங்கள் சிறிய கல்லூரியின் பாடகர் குழுவுக்குக் கிடைத்தது. பெற்ற கிருபையை மூடி வைக்க மனம் வரவில்லை, எழுதுகிறேன்.

பயணச் செலவுக்குப் பணம் சேர்ந்ததும் விசா கிடைத்ததும் தனிச் சாட்சி. அதை விட்டுவிடுகிறேன். எங்கள் பிள்ளைகள் காவிரிக் கடைமடையைச் சேர்ந்தவர்கள். விவசாய வீடு, மீனவ வீடு. ஒரு மிருதங்கம், ஒரு சுருதிப் பெட்டி, மற்றதெல்லாம் குரல்தான். லெந்து காலம் என்பதால் பாதி கீர்த்தனையும் பாதி நான்கு குரல் ஞானப்பாட்டுமாகத் தயார் செய்திருந்தோம். குளிர் எலும்பைத் தொட்டது. சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பெண் பிள்ளைகள் தொண்டையைக் காப்பாற்ற வெந்நீர் குடித்தபடியே வந்தார்கள்.

முதலில் பிராங்கே ஐயரின் நிறுவனங்களுக்கு அழைத்துப் போனார்கள். ஏழைப் பிள்ளைகளுக்காக 1695இல் அவர் தொடங்கிய பள்ளி, பிறகு அநாதை இல்லம், அச்சகம், மருந்தகம் என்று ஒரு ஊராகவே வளர்ந்தது. பழைய அநாதை இல்லத்தின் முகப்பில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். அதனுடன் இருப்பது ஏசாயா 40:31 என்று எங்களை அழைத்துப்போனவர் சொன்னதுதான் தாமதம், தரங்கம்பாடிப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த ஆல்ட்டோ பிள்ளை அந்த வசனத்தை நின்ற இடத்திலேயே தமிழில் சொன்னாள். திடப்படுத்தல் ஆராதனையில் அவளுக்குக் கொடுத்த வசனமாம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னாள். கண்ணீர் காதோரம் வழிந்தது.

அங்கே தமிழ் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் காட்டிய ஓலை ஒரு சாண் அகலம்கூட இல்லை. எறும்பு வரிசைபோல் எழுத்து, ஓரத்தில் நூல் கோக்கத் துளை. "சார், நம்ம ஊரு பனை சார்" என்று ஒரு பையன் கிசுகிசுத்தான். 1714இல் சீகன்பால்கு ஐயர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் வந்தார். ஐயர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் இதே ஹாலேயில் அச்சானது. முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு தமிழ்ப் பிள்ளை இந்தக் குளிரைப் பார்த்துவிட்டான் என்று சொன்னதும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியம் என்ற எண்ணமே போய்விட்டது.

அன்று மாலை சந்தைத் திடலில் இருக்கும் மார்க்ட்கிர்கேயில் பாடினோம். நான்கு கோபுரம் உள்ள பெரிய ஆலயம். லுத்தர் 1546இல் ஐஸ்லேபனில் இறந்தபின் விட்டன்பெர்க் கொண்டுபோகும் வழியில் அவர் உடலை ஓர் இரவு இங்கே வைத்திருந்தார்கள். அவர் முகத்தையும் கைகளையும் வார்த்தெடுத்த அச்சு இன்றும் இருக்கிறது. இசையமைப்பாளர் ஹேண்டலுக்கு 1685இல், குழந்தையாக இருந்தபோது, ஞானஸ்நானம் கொடுத்த தொட்டியும் இருக்கிறது. இத்தனை பெருமை பெற்ற ஆலயத்தில் எங்கள் சின்னக் குரல் எங்கே கேட்கப்போகிறது என்று பயந்த பிள்ளைகளிடம், "ஆண்டவர் கேட்டால் போதும்" என்று மட்டும் சொன்னேன்.

வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையில் தொடங்கினோம். மைக் கிடையாது. பல்லவியைப் பிடித்ததும் கல் தூண்கள் அதை வாங்கி மேலே அனுப்பின. நாங்கள் அடுத்த அடிக்குப் போன பின்னும் முதல் அடி விதானத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தது. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஹாலேயில் இருக்கும்போதே தமிழ் கற்றார். 1750இல் தரங்கம்பாடி வந்தார். திருநெல்வேலிச் சிறுவன் வேதநாயகத்தைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். அந்தச் சிறுவன்தான் சாஸ்திரியார். இங்கிருந்து விதையாகப் போனது அங்கே ராகமாக, தாளமாக, கீர்த்தனையாக விளைந்து, இதோ முதற்பலனாகத் திரும்பி வந்து பலிபீடத்தின் முன் நிற்கிறது! தாளம் போட்ட என் கை நடுங்கியது.

அடுத்துப் பவுல் கெர்கார்ட்டின் பாடுகளின் பாட்டு. பெரிய வெள்ளியன்று நம் சபைகளில் நெஞ்சுருகப் பாடுகிறோமே, அதுதான். இசையமைப்பாளர் பாக் தம் மத்தேயு பாடுகளில் திரும்பத் திரும்ப எடுத்தாண்ட அதே ராகம். முதல் சரணத்தைத் தமிழில் நான்கு குரலில் முடித்தோம். இரண்டாவதை எடுத்தபோது, முன்வரிசையில் கைத்தடியுடன் இருந்த ஒரு பாட்டி எழுந்து நின்று ஜெர்மனில் பாடத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் அறிவிக்கவில்லை. தமிழும் ஜெர்மனும் ஒரே ராகத்தில் இணைந்து ஏறியபோது நான் கையைத் தாழ்த்திவிட்டேன். அதற்குமேல் நடத்த என்ன இருக்கிறது? நடத்துகிறவர் வந்துவிட்டார்!

என்னவென்று சொல்வேன் அந்த நேரத்தை! முள்முடி சூடிய அந்த முகம் என் கண்முன் நின்றது. ஆலயம் இல்லை, ஊர் இல்லை, குளிர் இல்லை. ஆண்டவரே, உம்முடைய காயங்களின்கீழ் நாங்கள் எல்லோரும் ஒரே பிள்ளைகளாக நின்றோம். சகல ஜாதிகளும் பாஷைக்காரரும் சிங்காசனத்தின் முன் நிற்பதை யோவான் கண்டாரே, அதில் ஒரு துளியை இந்தக் கண்களுக்கும் காட்டினீர். ஸ்தோத்திரம்! பாட்டு முடிந்தது; யாரும் கைதட்டவில்லை. அந்தப் பாட்டி எங்கள் ஆல்ட்டோ பிள்ளையின் கன்னத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு அழுதார். அவர் பேசியது பிள்ளைக்குப் புரியவில்லை. அவளும் அழுதாள்.

மறுநாள் லைப்சிக். தோமா ஆலயத்தில் பாக் அடக்கம்பண்ணப்பட்டிருக்கும் இடத்தில், தரையில் பதித்த தகட்டில் பெயர் மட்டும்தான். 1723 முதல் இறக்கும்வரை அந்த ஊரில் பாடகர்களைப் பழக்கியவர், தாம் எழுதிய சுரத்தாள்களின் முடிவில் தேவனுக்கே மகிமை என்று குறித்தவர். எங்கள் பிள்ளைகள் வாங்கிவந்த பூவை வைத்துவிட்டு மெல்ல ஒரு மங்களம் பாடினார்கள்.

கொயர் என்றால் போட்டிக்கும் கோப்பைக்கும் என்ற எண்ணம் இன்று நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. பாடகர் குழு ஆராதிக்கவே இருக்கிறது. குருமாரும் ஆசிரியர்களும் கீர்த்தனையையும் ஞானப்பாட்டையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகவே கற்றுக்கொடுங்கள். அந்தப் பாட்டிக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: லைப்சிக்கிலிருந்து ஹாலே ரயிலில் அரை மணி நேரம்தான். போய்ப் படம் எடுப்பதோடு திரும்பாதீர்கள். அனுமதி கேட்டு, அந்த ஆலயத்தில் ஒரு கீர்த்தனையாவது பாடிவிட்டு வாருங்கள்.